சிகுர்துர் தோராரின்சன்

சிகுர்துர் தோராரின்சன் (ஜனவரி 8, 1912 – பெப்ரவரி 8, 1983) ஐஸ்லாந்து நாட்டின் புகழ்பெற்ற நிலவியலாளரும் எரிமலையியலாளரும் பனியாற்றியலாளரும் ஆவார். எரிமலைச் சாம்பல் படிவுகளைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் முறைக்குப் பெயரும் வடிவும் தந்தவர் என்ற வகையில் இவர் உலக அளவில் அறியப்படுகிறார். வட்னயோக்குல் பனிமூடியின் அடியில் மறைந்துள்ள கிரிம்ஸ்வோட்ன் ஏரியையும், அதிலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளம்பும் பெருவெள்ளங்களையும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது இவரது மற்றொரு பெரும்பணியாகும். நூல்களில் முதற்பணியே பெரிதும் பேசப்படுகிறது. ஐஸ்லாந்தின் தென்கரையில் வாழ்வோருக்கோ இரண்டாவதே உயிரோடும் உடைமையோடும் தொடர்புடையது.

ஐஸ்லாந்தில் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தோராரின்சன் என்பதற்குத் தோராரின் என்பவரின் மகன் என்று மட்டுமே பொருள். அந்நாட்டு வழக்கத்தை ஒட்டி இக்கட்டுரையில் இவர் சிகுர்துர் என்றே குறிப்பிடப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

சிகுர்துர் ஐஸ்லாந்தின் வடகிழக்கில் உள்ள வோப்னஃபியோர்துர் பகுதியில், ஹோஃப் என்னும் இடத்தில் பிறந்தார். அதே பகுதியில் உள்ள தெய்குர் பண்ணையில் வளர்ந்தார். அக்குரேரி நகரில் பள்ளிக்கல்வியை 1931இல் முடித்தபின் கோபன்ஹேகனில் சிறிது காலம் படித்தார். பின்னர் சுவீடனுக்குச் சென்று ஸ்டாக்ஹோமில் நிலவியலும் புவியியலும் பயின்றார். அங்கு இரண்டு ஆசிரியர்கள் இவரது வாழ்வின் போக்கைத் தீர்மானித்தனர் எனலாம். ஒருவர் லெனார்ட் வான் போஸ்ட். சதுப்பு மண்ணில் புதைந்துள்ள மகரந்தத் துகள்களை அடுக்கு அடுக்காக எண்ணிப் பழங்காலத் தாவரங்களை அறியும் முறையை வளர்த்தவர் அவர். மற்றவர் ஹான்ஸ் ஆல்மான். ஒரு பனியாறு ஓராண்டில் பெறும் பனியையும் இழக்கும் பனியையும் வரவு செலவு போல் கணக்கிட்டவர் அவர்.

மகரந்தத்தைத் தேடி ஐஸ்லாந்தின் மண்ணைத் தோண்டிய மாணவருக்கு அங்கே கண்ணில் பட்டவை எரிமலைச் சாம்பல் அடுக்குகள். கருமையும் வெண்மையும் பழுப்புமாக அவை மண்ணில் கோடுகளாகக் கிடந்தன. ஒவ்வொரு கோடும் ஒரு வெடிப்பு. எந்த வெடிப்பு எந்த ஆண்டில் நிகழ்ந்தது என்பதைப் பழைய ஆண்டுக்குறிப்புகளிலிருந்து அறிய முடிந்தால், அக்கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள எதற்கும் காலம் குறிக்கலாம். காடு வளர்ப்பு அறிஞர் ஹாக்கோன் பியார்னசனுடன் சேர்ந்து சிகுர்துர் இப்பணியைத் தொடங்கினார். இருவரும் எழுதிய கட்டுரை 1940இல் வெளிவந்தது. 1939இல் தியோர்சார்தாலுர் பள்ளத்தாக்கில் ஸ்காண்டிநேவிய நாடுகளின் தொல்லியலாளர்கள் நடத்திய அகழாய்வில், ஹெக்லா எரிமலையின் சாம்பலில் புதையுண்ட பண்ணை வீடுகளின் காலத்தைக் கணிக்கும் பொறுப்பு இவருக்குக் கிடைத்தது. அதன் விளைவே 1944இல் ஸ்டாக்ஹோமில் ஏற்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடு. சாம்பலைக் குறிக்கும் டெஃப்ரா என்ற பண்டைய கிரேக்கச் சொல்லை எடுத்து, காலக்கணிப்பு முறைக்கு டெஃப்ரா காலவரிசையியல் எனப் பெயரிட்டார். இன்று எல்லா மொழிகளிலும் வழங்கும் கலைச்சொல் இதுவே.

அந்த ஆய்வேட்டில் பள்ளத்தாக்கின் அழிவு 1300ஆம் ஆண்டு வெடிப்போடு இணைக்கப்பட்டிருந்தது. மேலும் பல இடங்களில் தோண்டிப் பார்த்த பின்னர் அதை 1104 என்று சிகுர்துர் மாற்றினார். தமது பெயரை நிலைநாட்டிய ஆய்வின் மைய முடிவைத் தாமே இரண்டு நூற்றாண்டுகள் பின்னுக்குத் தள்ளியது இவரது இயல்பைக் காட்டுவதாகும்.

வட்னயோக்குல்

ஐஸ்லாந்தின் தென்கிழக்கில் உள்ள வட்னயோக்குல், பரப்பால் அந்நாட்டின் மிகப்பெரிய பனிமூடி ஆகும். சிகுர்துரின் காலத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 8,000 சதுர கி.மீ.; சராசரித் தடிமன் சுமார் 400 மீட்டர். ஆல்மானும் ஐஸ்லாந்து வானிலையாளர் யோன் எய்தோர்சனும் தலைமை தாங்கிய சுவீடன்-ஐஸ்லாந்து ஆய்வுக்குழுவில் ஒருவராக 1936இல் சிகுர்துர் அதன் மேல் கால்வைத்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அப்பணி நீடித்தது. குளிர்காலத்தில் எவ்வளவு பனி சேர்கிறது, கோடையில் எவ்வளவு உருகுகிறது என்பதை இக்குழு அளந்தது.

இதன் தொடர்ச்சியாக 1939இல் ஐஸ்லாந்தின் பனி அணை ஏரிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஒரு பனியாறு பக்கப் பள்ளத்தாக்கின் வாயை அடைத்து நிற்கும்போது அதன் பின்னால் நீர் தேங்கும். பனி நீரைவிட இலேசானது. எனவே அணையாக நிற்கும் பனியின் உயரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்குக்கு நீர் ஏறினால், அணை அடிபெயர்ந்து மிதக்கத் தொடங்கும். நீர் அதன் அடியில் புகுந்து ஓடிவிடும். வெள்ளம் பிறக்கும் விதத்தை சிகுர்துர் இப்படி விளக்கினார். இவ்வகை ஏரிகளில் நீர்மட்டத்தை மலைமேல் நின்றே பார்க்கலாம். கிரிம்ஸ்வோட்ன் அப்படிப்பட்டதன்று.

கண்ணுக்குத் தெரியாத ஏரி

கிரிம்ஸ்வோட்ன் வட்னயோக்குல்லின் மேற்குப் பகுதியில், பனிக்கு அடியில் உள்ள எரிமலை. அதன் பெருவாய்க்குள் நிலவெப்பம் இடைவிடாது பனியை உருக்குகிறது. உருகிய நீர் வெளியேற வழியின்றிச் சுற்றிலும் உள்ள தடித்த பனியால் அடைபட்டு ஏரியாகத் தேங்குகிறது. ஏரியின் மேல் 200 மீட்டருக்கும் அதிகத் தடிமனுள்ள பனித்தட்டு மிதக்கிறது. மேலே நிற்பவருக்குத் தெரிவது ஒரு வெண்ணிறச் சமவெளி மட்டுமே, நீர் தெரியாது.

நீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்ததும் பனியின் அடியில் வழி கண்டுபிடித்து, ஏறத்தாழ 50 கி.மீ. சுரங்கமாக ஓடி, தெற்கே ஸ்கெய்தரார்யோக்குல் பனியாற்றின் முனையில் வெளிப்படுகிறது. இத்தகைய வெள்ளத்தை ஐஸ்லாந்து மொழியில் யோக்குல்லவுப் என்பர். பனியாற்றின் ஓட்டம் அல்லது பாய்ச்சல் என்பது அதன் பொருள். உலகெங்கும் ஆய்வாளர்கள் இச்சொல்லையே பயன்படுத்துகின்றனர். வெள்ளம் பாயும் இடம் ஸ்கெய்தரார்சாந்துர் எனப்படும் கருமணல் வெளி. பனியாற்றுக்கும் கடலுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் சதுர கி.மீ. பரப்பில் அது விரிந்து கிடக்கிறது. அங்கு ஸ்கெய்தரா ஆற்றில் 2009 வரை கோடையில் நொடிக்குச் சில நூறு கன மீட்டர் நீர் ஓடியது. பெருவெள்ளத்தில் அது நொடிக்குப் பல்லாயிரம் கன மீட்டராக உயர்ந்தது. வீடளவு பனிப்பாறைகளும் அதோடு உருண்டு வந்தன.

மணல்வெளியின் கிழக்கே ஓரைவி என்னும் சிறு குடியிருப்புப் பகுதி உள்ளது. பல நூற்றாண்டுகளாக அங்குள்ளோர் வெளியுலகை அடையக் குதிரையில் இவ்வாறுகளைக் கடந்தனர். வெள்ளம் வரப்போவதை அறிய அவர்களுக்கென்று அறிகுறிகள் இருந்தன. ஆற்றிலிருந்து கந்தக வாடை வீசும். வீட்டில் உள்ள வெள்ளிப் பொருட்கள் கறுக்கும். எரிமலை வளிமங்கள் கரைந்த ஏரி நீர் ஆற்றில் கலக்கத் தொடங்கிவிட்டது என்பதே இதன் பொருள். இவை மூடநம்பிக்கை அல்ல, வேதியியலே. ஆனால் அவை வெள்ளம் புறப்பட்ட பின்னர்தான் தெரிபவை.

கிரிம்ஸ்வோட்ன் என்ற பெயர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே எழுத்தில் காணப்படுகிறது. எனினும் அவ்விடம் எங்கே உள்ளது என்பது பிற்காலத்தில் மறந்துபோயிற்று. 1919இல் வட்னயோக்குல்லைக் கடந்த ஹாக்கன் வாடெல், எரிக் இக்பெர்க் என்ற இரண்டு சுவீடன் நாட்டவர் பனியின் நடுவே பெரும்பள்ளம் ஒன்றைக் கண்டு, புதிய கண்டுபிடிப்பு என்றெண்ணி, சுவீடன்காரரின் எரிமலைவாய் என்று பொருள்படப் பெயரிட்டனர். அது பழைய கிரிம்ஸ்வோட்னே என்பது பின்னர் தெளிவாயிற்று.

வெள்ளமா, வெடிப்பா

எரிமலை வெடித்துப் பனியை உருக்குவதால்தான் வெள்ளம் வருகிறது என்பது நெடுங்காலமாக நிலவிய கருத்து. இயல்பாக எவருக்கும் தோன்றக்கூடிய கருத்தும் அதுவே. 1934இல் நிகழ்ந்தவை இதற்குப் பொருந்தவில்லை. அவ்வாண்டு மார்ச் 22 அளவில் ஸ்கெய்தரா ஆறு பெருகத் தொடங்கியது. நாளுக்கு நாள் உயர்ந்து, தொலைபேசிக் கம்பங்களை அடித்துச் சென்றது. எரிமலை வெடிப்பின் தூண் வானில் தெரிந்தது மார்ச் 30இல்தான். காரணம் எனக் கருதப்பட்டது, விளைவுக்கு ஒரு வாரம் பிந்தி வந்தது.

அப்போது சிகுர்துர் இருபத்திரண்டு வயது மாணவர். அவ்வாண்டு ஜூன் 2இல் வட ஐஸ்லாந்தைத் தாக்கிய தால்விக் நிலநடுக்கம்தான் முதலில் அவரது ஆய்வுப் பொருளாயிற்று. கிரிம்ஸ்வோட்னின் இப்புதிருக்கு அவர் திரும்பிவர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. ஜர்னல் ஆஃப் கிளேசியாலஜி இதழில் 1953இல் வெளியான கட்டுரையில் அவர் தலைகீழான விளக்கம் ஒன்றை முன்வைத்தார். ஏரி நிலவெப்பத்தால் மெல்ல மெல்ல நிரம்புகிறது. நிரம்பியதும் தானே உடைகிறது, வெடிப்பு தேவையில்லை. நீர் வெளியேறும்போது எரிமலையின் தலைமேல் இருந்த பெரும் எடை சில நாட்களில் நீங்குகிறது. அதனால் அடியில் உள்ள பாறைக்குழம்பின் மீதான அழுத்தம் குறைந்து, ஏற்கனவே வெடிக்கும் நிலையில் உள்ள எரிமலை வெடித்துவிடக்கூடும். அதாவது சில வேளைகளில் வெள்ளமே வெடிப்பைத் தூண்டுகிறது.

பழைய கடிதங்களையும் ஆண்டுக்குறிப்புகளையும் கொண்டு கடந்தகால வெள்ளங்களைத் திரட்டியபோது இதற்கு ஆதரவு கிடைத்தது. ஏரி நிரம்புவதால் வெள்ளம் வருகிறது என்றால், ஏரி எந்த அளவு நிரம்பியுள்ளது என்பதை அறிந்தால் அடுத்த வெள்ளம் அண்மையில் உள்ளதா இல்லையா என்பதை முன்கூட்டியே சொல்லலாம். எரிமலையின் மனநிலையை எவராலும் கணிக்க முடியாது. ஆனால் ஒரு தொட்டியின் நீர்மட்டத்தை அளக்கலாம். கிரிம்ஸ்வோட்னைக் கண்காணிக்க வேண்டிய ஒன்றாக மாற்றியது இக்கருத்தே ஆகும்.

நாடு திரும்பலும் ஹெக்லாவும்

போர்க்காலம் முழுவதும் சுவீடனில் இருந்த சிகுர்துர் 1945இல் ஐஸ்லாந்துக்குத் திரும்பினார். 1947 முதல் ரெய்க்யவிக் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நிலவியல், புவியியல் பிரிவின் தலைவராகப் பணியாற்றினார். அவ்வாண்டு மார்ச் 29இல், நூற்றாண்டுக்கும் மேலாக உறங்கிய ஹெக்லா வெடித்தது. சாம்பல் தூண் 30 கி.மீ. அளவுக்கு எழுந்தது, சாம்பல் பின்லாந்து வரை சென்று விழுந்தது. மண்ணில் படிந்த கோடுகளை மட்டுமே படித்துவந்தவருக்கு ஒரு கோடு உருவாவதை நேரில் பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. பதின்மூன்று மாதங்கள் நீடித்த அவ்வெடிப்பைப் பற்றிப் பல பகுதிகளாக வெளிவந்த ஆய்வு வரிசையில் இவரது பங்கு பெரிது.

அவ்வெடிப்பு ஓர் இழப்பையும் ஏற்படுத்தியது. 1940களில் கிரிம்ஸ்வோட்னுக்குப் பலமுறை சென்று ஆராய்ந்தவரான ஸ்தெய்ன்தோர் சிகுர்த்சன், 1947 நவம்பர் 2இல் ஹெக்லாவின் எரிமலைக்குழம்பைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது அதிலிருந்து உருண்ட பாறை தாக்கி இறந்தார்.

ஆண்டுதோறும் பனிமேல்

1950 நவம்பரில் யோன் எய்தோர்சனின் முயற்சியால் ஐஸ்லாந்து பனியாற்றியல் சங்கம் நிறுவப்பட்டது. அறிவியலாளர்கள் மட்டுமன்றி, வண்டி ஓட்டுநர்கள், இயந்திரப் பணியாளர்கள், மலையேறிகள் எனப் பலதரப்பினரும் உறுப்பினராக இருந்தது இதன் சிறப்பு. கூலி பெறாத் தன்னார்வலர்களே பெரும்பாலும் வண்டிகளை ஓட்டினர், குடில்களைக் கட்டினர், குழி தோண்டினர். 1951இல் பிரெஞ்சு-ஐஸ்லாந்துக் குழு ஒன்று நிலநடுக்க அலை முறையில் வட்னயோக்குல்லின் தடிமனை அளந்தது. 1953 முதல் ஆண்டுதோறும் வசந்தத்தின் முடிவில் சங்கத்தின் குழு கிரிம்ஸ்வோட்னுக்குச் செல்லலாயிற்று. சிகுர்துர் இப்பயணங்களின் உயிர்நாடியாக விளங்கினார். யோன் எய்தோர்சனின் மறைவுக்குப் பின், 1969 முதல் தாம் இறக்கும் வரை சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

கண்காணிப்பின் முறை எளிமையானது. ஏரியைப் பார்க்க முடியாது. ஆனால் அதன் மேல் மிதக்கும் பனித்தட்டைப் பார்க்கலாம். நீர் சேரும்போது தட்டு உயர்கிறது; வெள்ளம் வெளியேறினால் தாழ்கிறது. எனவே பெருவாயின் தென்விளிம்பில் உள்ள கிரிம்ஸ்ஃபியாட்ல் மலையின் பாறையில் நிலையான புள்ளியைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து அளவைக் கருவியால் தட்டின் உயரத்தை ஒவ்வோர் ஆண்டும் அளந்தனர். இரு வெள்ளங்களுக்கு இடையே தட்டு 80 முதல் 100 மீட்டர் வரை உயர்வது தெரியவந்தது. இதனுடன் பனியில் ஆழமாகக் குழி தோண்டி, சென்ற இலையுதிர்காலத்தின் அழுக்குப் படலம் வரை சென்று, ஒரு குளிர்காலத்தில் சேர்ந்த பனியின் அளவையும் கணக்கிட்டனர். பள்ளத்தைச் சுற்றியுள்ள பனி எவ்வளவு உள்ளே வழிகிறது, அதில் எவ்வளவு உருகி நீராகிறது என்பதற்கு இக்கணக்கு தேவை. பனிப்பிளவுகளின் சுவர்களில் தெரியும் சாம்பல் அடுக்குகளும் பதிவு செய்யப்பட்டன. மண்ணில் பயன்பட்ட முறை பனியிலும் பயன்பட்டது.

பார்வைக்கு இது பெரிய அறிவியலாகத் தோன்றாது. ஓர் ஆண்டின் அளவீடு தனித்து எதையும் சொல்வதில்லை. மூடுபனியில் கூடாரத்துக்குள் நாட்கணக்கில் அடைபட்டுக் கிடந்து, தெளிந்த சில மணி நேரத்தில் எடுத்த சில எண்கள். அடுத்த ஆண்டு மீண்டும் அதே எண்கள். 1957இல் கிரிம்ஸ்ஃபியாட்ல் மேல் சங்கத்தினர் ஒரு குடில் கட்டிய பின்னரே நிலை மேம்பட்டது. அத்தகைய எண்கள் இருபது ஆண்டுகள் சேர்ந்த பின்னர்தான் ஒரு நடத்தை தெரிந்தது. முன்பு ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த பெருவெள்ளங்கள், 1940களுக்குப் பின் அளவில் சிறுத்து, நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரலாயின. 1948, 1954, 1960, 1965, 1972, 1976 எனத் தொடரும் வரிசையில் இதைக் காணலாம். 1954 ஜூலை வெள்ளத்தின் உச்சம் நொடிக்குச் சுமார் 10,000 கன மீட்டர்.

வெள்ளத்தின் வடிவமும் தெளிவாயிற்று. இரண்டு மூன்று வாரங்கள் மெல்ல ஏறி, உச்சத்தை அடைந்து, ஒரு வாரத்துக்குள் சட்டென வடிந்துவிடும். இவ்வடிவம் சிகுர்துரின் மிதக்கும் அணைக் கருத்துக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. அணை முழுவதும் மிதந்தால் வெள்ளம் உடனே உச்சத்தை எட்ட வேண்டும். ஐஸ்லாந்து பனியாற்றியலாளர் ஹெல்கி பியோர்ன்சன் 1974இலும், பிரித்தானிய இயற்பியலாளர் ஜான் நை 1976இலும் இதை விளக்கினர். முதலில் சிறு ஓட்டை உண்டாகிறது. ஓடும் நீரின் வெப்பம் ஓட்டையின் சுவரை உருக்குகிறது. ஓட்டை பெருக்கப் பெருக்க நீர் கூடுகிறது. அணை மிதக்கத் தேவையான மட்டத்துக்குப் பல பத்து மீட்டர் கீழே இருக்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. நையின் கணக்கீடுகள் 1972 கிரிம்ஸ்வோட்ன் வெள்ளத்தின் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டவை.

மணல்வெளிச் சாலை

இப்பதிவுகள் நடைமுறையில் தேவைப்பட்ட காலம் 1970களின் தொடக்கம். ஐஸ்லாந்தைச் சுற்றி வரும் சாலையில் ஸ்கெய்தரார்சாந்துர் மட்டுமே இடைவெளியாக எஞ்சியிருந்தது. ஓரைவி மக்கள் தலைநகருக்குச் சாலைவழி செல்ல வேண்டுமானால் நாட்டை வடக்காகச் சுற்றிவர வேண்டும். ஓயாது இடம் மாறும் ஆறுகள் மீது பாலம் கட்டுவதற்கு எவ்வளவு நீர், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எவ்வழியாக வரும் என்பது தெரிந்தாக வேண்டும். அரசு பரிசுச்சீட்டுடன் இணைந்த கடன் பத்திரங்களை மக்களிடம் விற்றுப் பணம் திரட்டியது. ஏறத்தாழ 900 மீட்டர் நீளமுள்ள ஸ்கெய்தரா பாலம் உட்படப் பல பாலங்களும் நீண்ட கரைகளும் அமைக்கப்பட்டன. ஐஸ்லாந்தில் குடியேற்றம் தொடங்கி 1,100 ஆண்டுகள் நிறைவுற்றதைக் கொண்டாடிய 1974ஆம் ஆண்டில், ஜூலை 14 அன்று சாலை திறக்கப்பட்டது.

அதே ஆண்டில் சிகுர்துரின் வோட்னின் ஸ்த்ரீத் என்ற நூல் வெளிவந்தது. ஸ்கெய்தரா வெள்ளங்கள், கிரிம்ஸ்வோட்ன் வெடிப்புகள் ஆகியவற்றின் வரலாறு முழுவதும் அதில் தொகுக்கப்பட்டுள்ளது. இந்நூலே இவரது எழுத்துக்களில் மிகச் சிறந்தது என்று கருத இடமுண்டு. பண்ணை மக்களின் நினைவுகளும் கோயில் குருமாரின் கடிதங்களும் அளவைக் கருவியின் எண்களும் ஒரே எடையுடன் அதில் ஆராயப்படுகின்றன.

பிற பணிகள்

1362இல் ஓரைவி பகுதியை அழித்த ஓரைவயோக்குல் வெடிப்பு பற்றிய இவரது ஆய்வு 1958இல் வெளிவந்தது. செழிப்பான பண்ணை நிலமாக இருந்த அப்பகுதிக்குப் பாழ்நிலம் என்று பொருள்படும் ஓரைவி என்ற பெயர் அவ்வழிவுக்குப் பின்னரே வந்தது. 1783 லாக்கி வெடிப்பு பற்றியும் எழுதியுள்ளார். 1963 நவம்பர் 14இல் கடலுக்குள் வெடித்து எழுந்த சுர்ட்சே தீவின் பிறப்பை 1967 வரை தொடர்ந்து ஆவணப்படுத்தியவர்களில் இவர் முதன்மையானவர். அத்தீவில் ஒருமுறை இறங்கியபோது எரிமலைக் குண்டுகள் பொழியத் தொடங்கின. ஓடக்கூடாது, நின்ற இடத்தில் நின்று மேலே பார்த்து, தலைக்கு நேரே வரும் கல்லைக் கடைசி நொடியில் விலகித் தவிர்க்க வேண்டும் என்ற பட்டறிவை அதிலிருந்து பெற்றதாகப் பின்னர் எழுதினார். 1968இல் ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

இயற்கைப் பாதுகாப்பிலும் இவருக்கு முக்கிய இடம் உண்டு. ஸ்கெய்தரார்சாந்துரின் கிழக்கு விளிம்பில் உள்ள ஸ்காஃப்தாஃபெல் பகுதியைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்று 1960களின் தொடக்கத்தில் முன்மொழிந்தவர் இவரே. 1967இல் அப்பூங்கா உருவாயிற்று. 2008இல் அது வட்னயோக்குல் தேசியப் பூங்காவுடன் இணைக்கப்பட்டது. இப்பூங்கா 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

ஐஸ்லாந்தின் பொதுமக்கள் பலர் சிகுர்துரை முதலில் அறிந்தது பாடல்கள் வழியாகவே. சுவீடன் நாட்டுப் பாடல் மெட்டுகளுக்கு இவர் எழுதிய நகைச்சுவை கலந்த பாடல்கள் நாடு முழுவதும் பாடப்பட்டன. பனியாற்றியல் சங்கத்தின் பயணங்களில் பாடுவதற்கென்றே எழுதியவையும் உண்டு. பனிவெளியில் இவர் அணிந்த சிவப்புத் தொப்பி இவரது அடையாளமாயிற்று.

மறைவும் பின்னிகழ்வுகளும்

சிகுர்துர் 1983 பெப்ரவரி 8இல் ரெய்க்யவிக்கில் காலமானார். அதே ஆண்டு மே இறுதியில் கிரிம்ஸ்வோட்ன் வெடித்தது. முப்பதாண்டுகள் அதன் மேல் நடந்தவர் அதைக் காண மூன்றரை மாதங்கள் குறைந்தன.

இவரது இரண்டு கருத்துக்களும் பின்னாளில் சோதனைக்கு உள்ளாயின. 1996 செப்டம்பர் 30இல் கிரிம்ஸ்வோட்னுக்கு வடக்கே பனிக்கு அடியில் வெடிப்பு ஏற்பட்டு, உருகிய நீர் ஐந்து வாரங்களாக ஏரியில் சேர்ந்தது. பனித்தட்டு இதற்குமுன் அளக்கப்படாத உயரத்துக்கு ஏறியதை அறிவியலாளர்கள் அளந்துகொண்டே இருந்தனர். சாலை மூடப்பட்டது. நவம்பர் 5இல் வெள்ளம் வந்தது. அது வாரக்கணக்கில் ஏறவில்லை. ஒரு நாளுக்குள் நொடிக்கு 40,000 கன மீட்டருக்கும் மேலான உச்சத்தை எட்டியது. இம்முறை பனி அணை உண்மையாகவே மிதந்து தூக்கப்பட்டிருந்தது. சிகுர்துர் கூறிய முறை, வழக்கமான வெள்ளங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், மிகப்பெரிய இவ்வெள்ளத்துக்குப் பொருந்தியது. ஒரு பாலம் முழுவதும், ஸ்கெய்தரா பாலத்தின் ஒரு பகுதியும், பல கி.மீ. சாலையும் அடித்துச் செல்லப்பட்டன. உயிரிழப்பு ஏதும் இல்லை.

2004 அக்டோபர் இறுதியில் ஏரி வடியத் தொடங்கி, நவம்பர் 1இல் எரிமலை வெடித்தது. வரிசை 1934இல் கண்டது போலவே இருந்தது. நிலநடுக்கமானிகளின் பதிவு இருந்ததால் இம்முறை ஐயத்துக்கு இடமில்லை. அழுத்தக் குறைவு வெடிப்பைத் தூண்டும் என்ற 1953ஆம் ஆண்டுக் கருத்து இதனால் வலுப்பெற்றது. எனினும் ஒவ்வொரு முறையும் இவ்வாறு நிகழ்வதில்லை. 2021 நவம்பர்-டிசம்பரில் ஏரி பெருமளவு வடிந்து பனித்தட்டு 70 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தபோது வெடிப்பு ஏதும் நிகழவில்லை. தூண்டப்படுவதற்கு எரிமலை ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை சிகுர்துரும் கூறியிருந்தார்.

பனித்தட்டின் மேல் நிறுவப்பட்ட ஜிபிஎஸ் கருவி அதன் உயரத்தை இப்போது இடைவிடாது அனுப்புகிறது. பனியின் மேற்பரப்பு ஏறி இறங்குவதைக் கொண்டு அடியில் உள்ள நீரை அறியும் இதே கொள்கையில்தான், 2003இல் ஏவப்பட்ட ஐஸ்சாட் செயற்கைக்கோளின் லேசர் அளவீடுகளிலிருந்து அண்டார்க்டிக்காவின் பனிவிரிப்புக்கு அடியில் நிரம்பி வடியும் ஏரிகள் பல கண்டறியப்பட்டன. 2009இல் ஸ்கெய்தரா ஆறு மேற்கு நோக்கித் திசைமாறி வேறோர் ஆற்றுடன் கலந்துவிட்டதால், 1974இல் கட்டப்பட்ட நீண்ட பாலத்தின் அடியில் சிற்றோடை மட்டுமே எஞ்சியது. 2017இல் அருகே சிறிய பாலம் ஒன்று திறக்கப்பட்டுச் சாலை அதற்கு மாற்றப்பட்டது.

டென்மார்க் நிலவியல் சங்கம் 1969இல் சிகுர்துருக்கு ஸ்டேனோ பதக்கம் வழங்கியது. எரிமலையியலுக்கான பன்னாட்டுச் சங்கம் தனது மிக உயரிய விருதுக்குத் தோராரின்சன் பதக்கம் எனப் பெயரிட்டு, 1987 முதல் வழங்கி வருகிறது. சிக்ரூன் ஹெல்கதோத்திர் எழுதிய இவரது விரிவான வாழ்க்கை வரலாறு 2021இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்து ஐஸ்லாந்து இலக்கியப் பரிசைப் பெற்றது.